கண்ணாடிக்கு எந்தப் பக்கம்

...கேட்டுவிட்டு அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், இஸ்க்ரா, பல்கேரியாக்காரி, என்ன அழகாக செக் மொழி பேசுகிறாள், அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து எங்கள் மொழியோடு மல்லுக்கட்ட இவளுக்கு என்ன தலையெழுத்தோ... "பரிசு வாங்கிட்டேன்மா, ஆனா அந்த ஒரு இடத்துல குருட்டாம்போக்குலதான் எழுதினேன். அவளைப் பார்க்கிறவர் எங்க நிக்கிறார்?" மேஜையைச் சுற்றிப் பல தேசத்துப் பிள்ளைகள், இளம் மொழிபெயர்ப்பாளர் போட்டியில் ஜெயித்து ப்ர்னோ நகரத்துக்கு வந்தவர்கள், இந்த வருஷம் எல்லாருக்கும் கொடுத்த பகுதி என் கணவன் லுபோரின் நாவலில் நான்காம் அத்தியாயம், கணவன் விட்டுப் போன மாலையில் மனைவி வீட்டில் தனியாக இருப்பது. எழுதியவன் போய்ச் சேர்ந்துவிட்டான், சந்தேகம் தீர்க்க அவன் மனைவி வ்லாஸ்தா என்று என்னைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறார்கள், விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட இரண்டு பேருக்குமே சோம்பல், அதனால் இன்று நான் மரியாதைக்குரிய விதவை, முன்னால் காபியும் கேக்கும். ஸ்லொவேனியாப் பையன் அந்த அத்தியாயத்தில் வருகிற சூப்பில் போட்டது என்ன காளான் என்றான், "காய்ஞ்சதுதான்டா கண்ணு, நவம்பர்ல பச்சைக் காளானுக்கு நான் எந்தக் காட்டுக்குப் போவேன்" என்றேன், எல்லாரும் சிரித்தார்கள். என் பேச்சுக்கு யாராவது சிரித்து எத்தனை நாளாயிற்று.

எங்கே நிற்கிறாராம்... எங்கேயும் நிற்கவில்லை பெண்ணே, பிராக் போகிற ரயிலில் இருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இத்தனை வருஷமாக இதைத்தானே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்? லுபோர் போன அன்று மாலை அவனுடைய பழுப்பு ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு, அடுப்பருகே நின்றபடியே, சட்டியிலிருந்து கரண்டியால் சூப்பைக் குடித்தேன், பைத்தியக்காரி மாதிரி, அதை ஒரு உயிரிடமும் சொன்னதில்லை. புத்தகம் வந்தபோது அத்தனையும் அச்சில்! பாவி, எப்படி ஊகித்தான் என்று கோபம், கோபத்துக்கு அடியில் ஒரு அற்ப சந்தோஷம், உலகத்தில் ஒருத்தனாவது என்னை மனப்பாடமாக வைத்திருக்கிறானே என்று. அந்தச் சந்தோஷத்தை வைத்துத்தான் இத்தனை காலம் தனியாக ஓட்டினேன்.

"ஜன்னல் கண்ணாடியில ஆவி படிஞ்சு அவ முகம் மங்கலாத் தெரியுதுன்னு இருக்கும்மா. அப்போ பார்க்கிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தானே?" ஆவி... எத்தனை தடவை படித்தேன் அந்த வரியை, என் கண்ணில் ஏன் படவில்லை? எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே பொது நடைபாதை, மாடியில் இருக்கிற எல்லாருக்கும் அதுதான் வழி, ஜன்னலடியில் என் ஜெரேனியம் பூத்தொட்டி... தொட்டி! ஐயோ, அன்றைக்குத்தானே அது விழுந்து நொறுங்கியது, சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டு போஷெனாவின் பூனைதான் என்று நினைத்தேன், ஜன்னலைத் திறந்துகூடப் பார்க்காமல் உள்ளேயிருந்தே கத்தினேன், "சனியனே, தொலைஞ்சு போ! இனிமே இந்தப் பக்கம் தலையைக் காட்டினே, காலை ஒடிச்சிடுவேன்!" மறுநாள் போஷெனாவிடம் சண்டைக்குப் போனேன், "என் பூனை ராத்திரி முழுக்க என் படுக்கையில கெடந்துச்சு, வாயில வந்ததைப் பேசாதே" என்றாள், "பொய்க்காரி" என்றேன் நான், அதோடு சரி, கிறிஸ்துமஸுக்குத் தட்டு நிறைய பிஸ்கட் கொண்டுவருவாள், அதுவும் நின்றது, பூனை செத்தபோதுகூட நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றும் அதே நடைபாதையில் எதிரெதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறோம்.

வந்திருக்கிறான்... திரும்பி வந்து நின்றிருக்கிறான், இருட்டில் கால் தட்டியிருக்கும், என் குரலும் கேட்டிருக்கும். பூனையைத்தான் திட்டினேன் லுபோர், உன்னை இல்லை, கதவைத் தட்டியிருக்கலாமே, மடையா...

"அம்மா?"

"வெளியிலதான்மா. ஜன்னல் பக்கத்துல, பூத்தொட்டி கிட்ட."

இஸ்க்ரா அவசரமாகத் தாள்களைப் புரட்டுகிறாள். "பூத்தொட்டியா? இதுல அப்படி எதுவும் இல்லையேம்மா."

"இல்லதான். அதை அவர் எழுதல."

அவள் குனிந்து குறித்துக்கொள்கிறாள், அடுத்து ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பாளோ, கேட்டுத் தொலைக்காதே பெண்ணே... காபி ஆறிவிட்டது, ஸ்லொவேனியாப் பையன் கேக் தட்டை என் பக்கம் தள்ளுகிறான், யாரோ என்னவோ சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்படியானால் போஷெனா பொய் சொல்லவில்லை, பூனை அன்று அவள் படுக்கையில்தான் கிடந்திருக்கிறது.