ஒட்டவைத்த வளையம்

கைக்கடிகாரத்தை அவள் மேசைமேல் வைத்த வேகத்தில் கடைக்காரர் முதலில் மேசைக் கண்ணாடியைத்தான் குனிந்து பார்த்தார்.

"உடையலம்மா," என்றார், தனக்கே ஆறுதல் சொல்வதுபோல.

"உடைஞ்சிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன். ரெண்டு வருஷம் முன்னாடி இங்கதான் வாங்கினேன். தண்ணிக்கடியில வேலை செய்றவங்களுக்குன்னே செஞ்சதுன்னு சொன்னீங்க. இந்த மனுஷனைக் கொல்லப் பார்த்துருச்சு."

இந்த மனுஷன் அவளுக்குப் பின்னால் நின்று சுவர்க் கடிகாரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். இடது தோளை இன்னும் உயர்த்த முடியவில்லை. படகுத்துறைத் தூண்களை நீருக்கடியில் செப்பனிடுவது அவர் தொழில். காற்று மேலிருந்து குழாய் வழியாக வந்துகொண்டே இருக்கும். அதனால் காற்று தீர்ந்து மேலே வரவேண்டிய கட்டாயம் இல்லை. 'போதும், வா' என்று சொல்வதற்கு மணிக்கட்டில் இருப்பது ஒன்றுதான்.

அவர் இறங்கும் ஆழத்தில் ஐம்பது நிமிடம்வரை இருந்துவிட்டு நேராக மேலே வரலாம். அதைத் தாண்டி இருந்துவிட்டு ஏறினால் ரத்தத்தில் கரைந்த காற்று, குலுக்கித் திறந்த சோடாவைப்போல் குமிழ் விடும். போன வாரம் அவர் அறுபது நிமிடம் இருந்துவிட்டார். மூட்டு மூட்டாக வலி தின்ன, ஐந்து மணி நேரம் இரும்பு உருளைக்குள் படுக்கவைத்து, காற்றழுத்தத்தை ஏற்றி மெல்ல மெல்ல இறக்கினார்கள். உருளையின் சின்ன ஜன்னல் வழியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். 'வாட்ச் கொஞ்சம் தப்பாக் காட்டிருச்சு' என்றுதான் வெளியே வந்ததும் சொன்னார். அந்தக் 'கொஞ்சம்' அவளைத் தூங்கவிடவில்லை.

கடைக்காரர் கடிகாரத்தைத் தன் செல்போனோடு ஒப்பிட்டார். நொடி பிசகவில்லை. பின்மூடியைத் திறந்தார். ஒரு பொட்டு ஈரமில்லை.

"உள்ள தண்ணி போகலையே."

"போகாது. அதைப் பார்த்துத்தானே வாங்கினேன்." பம்பு தொழிற்சாலையில் ரப்பர் வளையங்களைச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. அன்றைக்கு இதே மேசையில் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளிருந்த ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்து, கடைக்காரரையே அசரவைத்தவள்.

கடைக்காரர் உருப்பெருக்கியைக் கண்ணில் சொருகி, முகப்பைச் சுற்றியிருந்த வெளிவளையத்தைத் திருப்பப் பார்த்தார். அது அசையவில்லை. நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார்.

"அம்மா, இது பசை. யாரோ வளையத்தை ஒட்டிவச்சிருக்காங்க."

அவள் மெதுவாகத் திரும்பினாள். கணவர் கடிகாரங்களை எண்ணுவதை நிறுத்தியிருந்தார்.

"யாரோவா?"

"நான்தான்," என்றார் அவர். "அது ரெண்டு பக்கமும் சுத்தும். லூசா வேற இருந்துது. தூண்ல கை உரசினா நகர்ந்துரும்."

கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும்தான். வளையத்தில் ஒரு புள்ளி இருக்கும். இறங்கும்போது அதை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துக்கொண்டால், புள்ளியிலிருந்து முள் எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. புள்ளி முள்ளின் பின்னாலேயே நகர்ந்தால் ஆன நேரம் குறைவாகத் தெரியும். ஆளைக் கொல்லும் பொய் அது. நல்ல வளையம் முள்ளுக்கு எதிர்ப்பக்கம் மட்டுமே சுற்றும். அது இடிபட்டாலும் நேரத்தைக் கூட்டித்தான் காட்டும். ஆள் சீக்கிரம் மேலே வந்துவிடுவார், அவ்வளவுதான்.

"அதனால பன்னெண்டுல வச்சு ஒட்டிட்டேன். சரியா மணி அடிக்கிறப்ப இறங்குவேன். அப்ப முள் காட்டுறதுதான் கணக்கு."

வேலையிடத்தில் அவரை மணிக்கூண்டு என்று கூப்பிடுவார்கள். மணி முழுசாக ஆகாமல் தண்ணீரில் கால் வைக்கமாட்டார் என்று கேலி. அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

"அன்னைக்கு?"

"மேஸ்திரி அவசரப்படுத்தினார். பத்து அம்பதுக்கே இறங்கிட்டேன். பத்து நிமிஷம் கூட்டிக்கணும்னு சொல்லிக்கிட்டேதான் போனேன். கீழ கை வேலையில மறந்துட்டேன். பழக்கம்."

"ரெண்டு வருஷமா." அவள் குரல் உயரவில்லை; அதுதான் கடைக்காரரை ஓரடி பின்வாங்கவைத்தது. "வாயில என்ன கொழுக்கட்டையா? சுத்துறது சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நீ ஆசையா வாங்கிக் குடுத்தது. எப்படிச் சொல்றது?"

"உருளைக்குள்ள படுத்துக்கிட்டுச் சொல்லலாம்னு இருந்தீங்களா?"

அவளுக்குக் கோபம் பாதி அவர்மேல், பாதி தன்மேல். ரப்பரைப் பார்த்தவள் வளையத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால்? தன் தொழில் கண் எங்கே போகுமோ அங்கே மட்டும் போய்த் திரும்பிவிட்டது.

"ஒருபக்கம் மட்டும் சுத்துறது எடுங்க," என்றாள் கடைக்காரரிடம். "தங்கப்பூச்சு, பேரு, பெருமை எதுவும் வேணாம்."

ஐந்து வந்தன. அவள் ஒவ்வொன்றையும் காதருகே வைத்துத் திருப்பினாள். முதலாவது கரகரத்தது. இரண்டாவது நின்ற இடத்தில் முன்னும் பின்னும் ஆடியது. மூன்றாவதில் இருட்டில் ஒளிரும் பூச்சு முள்ளில் இருந்தது, புள்ளியில் இல்லை. "கலங்கின தண்ணியில எதை வச்சு எதை அளக்குறது?" என்று தள்ளினாள். ஐந்தாவது மிக அழகு. விலையில் பாதி அழகுக்கே போயிருந்தது. நான்காவது தடித்து, அவலட்சணமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் 'டிக்' என்று கணக்காக நின்றது. நேரம் மாற்றும் பக்கத்துத் திருகை, தண்ணீர் புகாதபடி மரையோடு இறுக்கிப் பூட்ட முடிந்தது. விலையும் நடுவாந்தரம்.

கடையில் கிடந்த தடித்த கையுறையை வாங்கி அவரிடம் நீட்டினாள்.

"போட்டுக்குங்க. கண்ணை மூடுங்க. இருபது டிக் திருப்புங்க."

திருப்பினார். புள்ளி சரியாகப் பத்து நிமிடம் நகர்ந்திருந்தது.

"பின்னாடி தள்ளுங்க."

அழுத்தித் தள்ளினார். வளையம் மசியவில்லை.

"மூணு வாரம் கழிச்சு இறங்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். இதோட இறங்குவீங்களா, இல்ல இதுலயும் ஏதாவது ஒட்டுவீங்களா?"

"இதோடதான்."

"வேற ஏதாவது சொல்லணுமா? இப்பவே சொல்லுங்க."

அவர் கையுறையைக் கழற்றினார். கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்த ஆரஞ்சு ஸ்ட்ராப் எனக்குப் பிடிக்கலை," என்றார். "அளவும் பத்தாது. உடுப்புக்கு மேல கட்ட எட்டாது."

கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவள் எடுத்துக்கொடுத்த எதையும் அவர் குறை சொன்னதில்லை. அவள் முகத்தில் இன்னும் கடுகு வெடித்துக்கொண்டுதான் இருந்தது.

"கேட்டுச்சுல்ல?" என்றாள் கடைக்காரரிடம். "கருப்பு எடுங்க. நீளமானதா."