முனியாயி கேட்ட ஆட்டம்

அன்னக்கொடியும் முனியாயியும் போடியில் ஒரே பள்ளிக்கூடத்தில் வாலிபால் ஆடினார்கள். அன்னக்கொடி வலையோரம் நின்று பந்தைத் தூக்கிக் கொடுப்பாள். உயரமான முனியாயி எழும்பி அடிப்பாள். ஆரம்பத்தில் இரண்டு பேருக்கும் ஒத்துவரவே இல்லை. பொம்பளைப் பிள்ளை சத்தம் போடக் கூடாது என்று வளர்க்கப்பட்ட முனியாயி ஆட்டத்தில் வாயே திறக்க மாட்டாள். ஒருநாள் இருவரும் ஒரே பந்துக்குப் பாய்ந்து, அன்னக்கொடியின் உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

"எனக்குன்னு ஒரு சத்தம் குடுத்தா என்னடி?"

"கூச்சமா இருக்குடி."

"இப்ப என் உதட்டப் பாரு. இதுக்குக் கூச்சம் இல்லையாக்கும்?"

மறுநாள் முதல் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, ஆளில்லாத மைதானத்தில் பந்தே இல்லாமல் கத்திப் பழகினார்கள். எடுக்கப்போகிறவள் "எனக்கு!" என்று சொல்ல வேண்டும். பந்து கோட்டுக்கு வெளியே போனால் "விடு!" எதிராளிக்குத் தெரியக் கூடாததை முதுகுக்குப் பின்னால் விரலில் காட்ட வேண்டும். தவறிப்போன பந்துக்காக யாரும் யாரையும் திட்டக் கூடாது. இந்தக் கடைசி விதி முனியாயி போட்டது. ஆறே மாதத்தில் அவள் குரல் பஸ் போகிற ரோடு வரைக்கும் கேட்டது.

எழுபத்தெட்டு தை மாதம் மதுரையில் இறுதி ஆட்டம். ரயில் நகரும்வரை அன்னக்கொடி பெட்டி வாசலிலேயே நின்றாள். முனியாயி வரவில்லை. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்த அத்தை மகனுக்கு அவளைப் பேசி முடித்துவிட்டார்கள் என்றும், பரிசம் போட்ட பிள்ளையை வெளியூருக்கு அனுப்ப மாட்டேன் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார் என்றும் ரயிலில் டீச்சர் சொன்னார். அவளுக்குப் பதிலாக ராசிங்காபுரத்துப் பொன்னுமணி ஆடினாள். போடி தோற்றது.

கல்யாணத்தன்று அன்னக்கொடிக்கு அம்மை போட்டிருந்தது. பிறகு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அவள் படித்து போடியிலேயே டீச்சரானாள். தோட்டத்து ஆட்களை ஏற்றிவரும் ஜீப்புகளைக் கண்டால் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். நான்கு வருடம் இப்படியே போனது. ஒரு சனிக்கிழமை, பார்த்தது போதும் என்று அவளே ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

முனியாயி வீட்டு முற்றத்தில் ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பிள்ளை. மாமியார் ஒச்சம்மாள், "வா ஆத்தா, ஒக்காரு" என்று காப்பி கொடுத்துவிட்டு அங்கேயே அமர்ந்துகொண்டாள். மழையைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளைக்குப் பல் முளைத்ததைப் பற்றிப் பேசினார்கள். முனியாயியின் குரல் பழையபடி சுருங்கி, பக்கத்தில் இருந்தால்தான் கேட்டது.

மூன்று மணிக்கு ஜீப் திரும்பும். வழியனுப்ப ரோடு வரை வந்த முனியாயி, வீடு மறைந்ததும் அன்னக்கொடியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மதுரை ஆட்டத்தச் சொல்லு."

"ஒனக்கு யாரும் சொல்லலையா?"

"தோத்துட்டாகன்னு அப்பா சொன்னாரு. அம்புட்டுத்தேன். நீ மொதப் பந்துலருந்து சொல்லு."

அன்னக்கொடி சொன்னாள். எதிர் அணி நின்ற விதம், ஜெயித்த முதல் சுற்று, விட்ட இரண்டாம் சுற்று. மூன்றாவதில் பதிமூன்றுக்குப் பதிமூன்று. முனியாயி கண்ணை மூடிக் கேட்டாள். பந்து வருகிற பக்கமெல்லாம் அவள் தோள் லேசாக அசைந்தது.

"கடைசிப் பந்து அழகா எழும்புச்சுடி. நான் தூக்கிக் குடுத்துட்டு 'முனி, அடி!'ன்னு கத்திட்டேன். பொன்னுமணி தன்னையில்லன்னு அப்படியே நின்னுட்டா. பந்து அவ காலடியில விழுந்துச்சு."

முனியாயி கண்ணைத் திறந்தாள். "நான் வராததுனாலதேன் தோத்துச்சுன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன். அதுனாலதேன் ஒனக்குக் கடுதாசி போடல."

"இல்லடி. ஆட்டம் முழுக்க நான் ஒங்கூடத்தேன் பேசிக்கிட்டு இருந்தேன். அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்த பேசல."

"பெறகாச்சும் பேசினியா?"

"இல்ல."

"நாலு வருசமாவா? தன்னாலதேன் தோத்துச்சுன்னு அவ நெனச்சிருப்பாளேடி!"

டிரைவர் ஹாரன் அடித்தார். அன்னக்கொடிக்குக் காலை எடுத்துவைக்க மனமில்லை. முனியாயி அவளைத் தள்ளாத குறையாக ஏற்றிவிட்டாள்.

"காய் எடுக்குறது நாளெல்லாம் குனிஞ்சே கெடக்குற சோலி" என்றாள், கம்பியைப் பிடித்தபடி. "அப்ப எழும்பி அடிக்கிறாப்புல மனசுக்குள்ள நெனச்சுக்குவேன். நீ தூக்கிக் குடுக்குற. ஒன் மொகந்தேன் இப்பல்லாம் சரியாத் தெரிய மாட்டேங்குது. நல்லவேள வந்த."

ஜீப் வளைவில் திரும்பும்வரை அவள் ரோட்டிலேயே நின்றாள்.

மறுநாள் அன்னக்கொடி ராசிங்காபுரத்துக்கு பஸ் ஏறினாள். பொன்னுமணி வீட்டு வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அன்று தோற்றது தன் தப்பால்தான் என்று அன்னக்கொடி நின்றபடியே சொல்லி முடித்தாள். பொன்னுமணி கையிலிருந்த கடலையை உடைத்துப் போட்டாள்.

"இத அன்னைக்குத் திரும்பி வரயில ரயில்லயே சொல்லியிருந்தா, நான் ஆடுறதையே விட்டிருக்க மாட்டேன்க்கா" என்றாள்.

பொன்னுமணி மடியில் கிடந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். "வெயில்ல வந்திருக்கீக. ஒக்காருங்க, மோரு கொண்டாறேன்" என்று உள்ளே போனாள்.