கடைசி ஜோடி உட்காரும்வரை

அந்த நிலவறைக் கடையில் ஆறு மேசை, ஒரு கீபோர்டு, நடுவில் நாலு ஜோடி இடித்துக்கொண்டு ஆடுமளவுக்குத் தரை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு முதல் நான்கு வரை ஆட்டம். கணவன் உள்ளே மீன் பொரிப்பான், நாத்தனார் பீர் ஊற்றுவாள், இவள் வாசிப்பாள். பதினொரு வருடமாக அதே மூலை, அதே முக்காலி.

கடைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு ஜோடி ஆடிக்கொண்டிருந்தாலும் பாட்டு நிற்கக் கூடாது. புதுப்பெண் உற்சாகத்தில் அதைப் போட்டதே இவள்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

இன்று ஐந்து மணிக்கு ஊரின் மறுகோடியில் ஒரு பெரிய ஓட்டலின் இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். இன்று விட்டால் இல்லை. நாலேகால் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். நாத்தனாரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராது அண்ணி" என்று சத்தியம் செய்திருந்தாள் அந்த மகராசி.

மணி நாலு. தையல்காரரும் அவர் மனைவியும் மட்டும் இன்னும் உட்காரவில்லை. மனுஷனுக்கு முட்டி வலி. பாவம்தான், ஆனாலும் இவள் வேகத்தைக் கூட்டினாள்.

"போதும்மா, உயிரை வாங்காதே" என்று சிரித்தபடி அவர் நாற்காலியில் விழுந்தார்.

இவள் எழப் போனாள். அதற்குள் கணவன் கையைத் துடைத்தபடி வெளியே வந்தான். இத்தனை வருடத்தில் ஒருநாளும் ஆடாதவன், தங்கையின் கையைப் பிடித்து இழுத்தான்.

"விடுண்ணே, எனக்கு ஆட வராது."

"எனக்கு மட்டும் வருமா? சும்மா வா." இவள் பக்கம் திரும்பினான். "ஏன் நிறுத்திட்டே? நாங்க ஆடறோம்ல?"

நாத்தனார் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எனக்கு வெளியில ஒரு வேலை இருக்கு."

"நீ போட்ட சட்டம்தானே?"

கடையே கைதட்டிச் சிரித்தது. "இப்படி ஒரு புருஷன் அமையக் குடுத்து வச்சிருக்கணும்" என்றாள் தையல்காரர் மனைவி. வாசலுக்கு எட்டே படி. அத்தனை சிரிப்புக்கு நடுவே எப்படி எழுந்து போவது? வாசித்தாள்.

அவன் தங்கையின் காலை மிதித்து மிதித்து ஆடினான். ஒரு துண்டு தீய்ந்தாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பவன், உள்ளே சட்டி மீன் முழுதும் கருகும் வாடை வந்தும் அசையவில்லை. நாலேகால் ஆனது, நாலரை ஆனது. அவன்மேல் இவளுக்கு வெறுப்பு பொங்கியது. அதைவிட வெறுப்பு, ஓரிடத்திலும் தாளம் தப்பாத தன் விரல்கள்மேல்.

ஐந்து அடித்ததும் நின்றான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு அருகே வந்தான்.

"களைச்சுப் போயிட்டியா? எங்கயோ போகணும்னியே, போயிட்டு வா. கடையை நான் பாத்துக்கறேன்."