ஒரு வீட்டுக்கு ஒரு கை

எங்கள் பேட்டையில் இரவு பத்து மணிக்கு மேல் யாருக்கும் பசிக்கக் கூடாது. தலைவலி வரலாம், மருந்துக் கடை திறந்திருக்கும். பணம் தேவைப்படலாம், ஏ.டி.எம். திறந்திருக்கும். பசி மட்டும்தான் ஒழுக்கக்கேடு. பத்து மணிக்கு மேல் பசிக்கிறவர்கள் ஒன்று குடிகாரர்கள், இல்லை வீடு வாசல் இல்லாதவர்கள் என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் எப்போதோ முடிவு செய்துவிட்டது.

நான் குடிகாரி இல்லை. மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். இரண்டாம் ஷிப்ட், மதியம் இரண்டிலிருந்து இரவு பத்தரை வரை. பெல்ட்டில் மாத்திரை அட்டைகள் வந்துகொண்டே இருக்கும். பத்துக் குழியில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்த அட்டையைப் பொறுக்கிப் போட வேண்டும். இடையில் ஆறு மணிக்கு ஒரு டீ, இரண்டு பிஸ்கட், அவ்வளவுதான். கம்பெனி வேன் பதினொன்றேகாலுக்கு மெயின் ரோட்டில் இறக்கிவிடும்போது வயிற்றுக்குள் யாரோ துணி பிழிவார்கள்.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். கடைசி டிரிப். அவர் வண்டி பதினொன்றரைக்கு டெப்போவுக்குள் போகும். டெப்போ எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம்.

வீடு என்று ஒன்று இருக்கிறதே, அங்கே போய்ச் சாப்பிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினையே இல்லை, சுவரே இல்லை. ஒரு ஹால், அதன் மூலையில் சமையல் மேடை, பக்கத்தில் ஒரே ஒரு அறை. ஹாலில் மாமாவும் அத்தையும் படுப்பார்கள். அறையில் இரண்டு பிள்ளைகள், நடுவில் கிடைத்த சந்தில் நாங்கள். மாமாவுக்கு ஒன்பது மணிக்குத் தூக்கம் வந்துவிடும். அதற்கு மேல் ஒரு ஸ்பூன் தட்டில் பட்டாலும் இருமுவார். அது நோய் இருமல் இல்லை, நோட்டீஸ். அத்தையைக் குறை சொல்ல மாட்டேன், எனக்குச் சாப்பாடு எடுத்து மூடி வைத்திருப்பார். அதை இருட்டில், ஆறிப்போனபடி, நின்றுகொண்டே விழுங்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் இருட்டில் அடுத்தடுத்து நின்று சோற்றை விழுங்குவதைப் பார்த்தால் திருட வந்தவர்கள் என்றுதான் நினைப்பீர்கள்.

இப்படி இருந்த எங்களுக்கு டெப்போ முனையில் கரண்டியின் கடை வந்தது. கரண்டி என்பது பட்டப்பெயர். முட்டை பொரித்து முடித்ததும் கல்லின் ஓரத்தில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவார், அதுதான் மணி. தகரக் கூரை, மூன்று பெஞ்சு, ஒரு குண்டு பல்பு. முட்டை, ரொட்டி, நூடுல்ஸ், சூப், டீ. இரவு ஒரு மணி வரைக்கும் இருக்கும். டிரைவர்கள், ஆஸ்பத்திரி நர்ஸ்கள், வாட்ச்மேன்கள், என்னைப் போல ஷிப்ட் முடிந்தவர்கள் எல்லாரும் அங்கேதான்.

இரண்டு வருஷம் நானும் அவரும் அங்கே தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, சூடாக இருந்தது. விஷயம் அதில்லை. எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசினோம். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து, அவர் சிரித்தால் கீழ்வரிசையில் ஒரு பல் கோணலாகத் தெரியும் என்பது எனக்கு அந்தப் பல்பு வெளிச்சத்தில்தான் தெரிந்தது. எங்கள் முதல் சத்தமான சண்டையும் அங்கேதான் நடந்தது. அதுவரை எங்கள் சண்டையெல்லாம் காதோடு காதாகத்தான். அன்றைக்கு நான் கத்தினேன், அவரும் கத்தினார், கரண்டி இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சண்டை போடக் கூட இடம் வேண்டும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு யாரோ புகார் கொடுத்தார்கள். ஆட்டோ சத்தம், எண்ணெய்ப் புகை, கண்ட நேரத்தில் கண்டவர்கள் நடமாட்டம். பத்து மணிக்கு மூடு என்று முனிசிபாலிட்டி ஆபீஸிலிருந்து கரண்டிக்கு உத்தரவு வந்தது. கண்டவர்களில் நானும் ஒருத்தி.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. மதியமே ரொட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். நான்காம் நாள் ரோந்து போலீஸ் வந்து டார்ச்சை முகத்தில் அடித்தார்.

"ரெண்டு பேருக்கும் என்ன உறவு?"

"என் சம்சாரம் சார்."

"சம்சாரம்னா வீட்ல வெச்சுப் பேசுறதுக்கென்ன? நடு ரோட்ல என்ன பேச்சு?"

என் வீட்டுக்காரருக்கு மானம் போய்விட்டது. யூனிபார்ம் போட்டுக்கொண்டு ஆயிரம் பேரிடம் டிக்கெட் கேட்கிற மனுஷன், அந்த டார்ச் வெளிச்சத்தில் கூனிப்போய் நின்றார். மறுநாளிலிருந்து நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட ஆரம்பித்தார். நான் இருட்டில் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் வருவதற்குள் தூங்கியிருப்பார், அல்லது தூங்குகிறவர் மாதிரி இருப்பார். மூன்று மாதம் ஓடியது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லாமல் போனது. அது எனக்குப் பயமாக இருந்தது. பழகிவிடுமோ என்று பயம்.

ஒருநாள் காலை கரண்டியே என்னை வழியில் நிறுத்தினார். "ஒரு வழி இருக்கும்மா. சங்கம் ஒரு கடுதாசி குடுத்தா போதும். ராத்திரி ஒரு மணி வரைக்கும் லைசென்ஸ் தர்றேன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வெக்கிறாங்களாம்."

சங்கத்துச் சட்டம் என்னவென்றால் ஒரு வீட்டுக்கு ஒரு கை. ஐம்பது வீடு, ஐம்பது கை. ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கூட்டம். ராத்திரிச் சாப்பாடு யாருக்கு வேண்டுமோ அவர்களெல்லாம் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக் கையை அவர்களுடைய மாமியாரோ மச்சினனோ தூக்குவார்கள். இதைத் தெரிந்து வைத்தார்களா, தெரியாமல் வைத்தார்களா, அது அவர்களுக்கே வெளிச்சம்.

எனக்கு அந்தக் கவலை இல்லை. ஞாயிறு என் வீட்டுக்காரருக்கு வாராந்திர விடுமுறை. சனிக்கிழமை காலை அவர் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்.

"நாளைக்குக் கூட்டத்துக்கு நீங்க போங்க. எதுவும் பேச வேண்டாம். கை தூக்கினா போதும்."

"சரி."

"மறந்துடாதீங்க."

"கை தூக்குறதுக்குப் போய் இத்தனை தடவை சொல்லணுமா? தூக்குறேன், போ."

ஞாயிறு முழுக்க பெல்ட்டில் என் கண்தான் இருந்தது, மனசு கூட்டத்தில் இருந்தது. இரண்டு காலிக் குழியை விட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தபோது அவர் முழித்திருந்தார். அறை வாசலில் நின்று கிசுகிசுத்தார்.

"தோத்துடுச்சு. ஒன்பது கைதான். மீதி நாப்பத்தொண்ணும் எதிர்ப்புன்னு எழுதிக்கிட்டாங்க."

அவர் முகம் செத்துப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அவருக்காக அடக்கிக்கொண்டேன். பாவம், என்னைவிட இவருக்குத்தான் வருத்தம் போல என்று நினைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொன்னேன். அந்த வலது கையைத்தான் பிடித்தேன். மாமா இருமினார். படுத்துவிட்டோம்.

அடுத்த வாரம் கரண்டி கடையைக் காலி செய்தார். பகல் வியாபாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவருக்குக் கட்டுபடியாகாது. போவதற்கு முன்னால், கை தூக்கிய ஒன்பது வீட்டுக்கும் அவரே நேரில் போய் நன்றி சொல்லி, வீட்டுக்கு ஒரு கேக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பெரிய மனுஷன் மறந்துவிட்டார், கேலி பண்ணிவிட்டு வரலாம் என்று மதியம் வேலைக்குப் போகிற வழியில் கடைக்குப் போனேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. வாயெல்லாம் பல்லாகப் போய் நின்றேன்.

"என்னண்ணே, எங்க வீட்டுக் கேக்கை நீங்களே சாப்பிட்டுட்டீங்களா? ரெண்டு வருஷமா உங்க கடையே கதின்னு கிடந்தவ நான். ஒன்பது பேர்ல எங்களை விட்டுட்டீங்களே!"

கரண்டி கல்லைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உங்க வீட்டுக்காரர் வந்திருந்தாரும்மா."

"ஆமா, நான்தானே அனுப்பினேன்."

"வந்திருந்தார்," என்றார் மறுபடியும். அப்புறம் சாக்குக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "அவரு மேல தப்பில்லம்மா. தலைவர் கேட்ட விதம் அப்படி. கடை வேணுங்கிறவங்க கை தூக்குங்கன்னு கேட்கல. 'யாரு வீட்ல ராத்திரி சோறு போட ஆளில்லையோ, அவங்க மட்டும் தூக்குங்க'ன்னாரு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அதுக்கு மேல யாரு தூக்குவாங்க?"

"ஒன்பது பேர் தூக்கினாங்களே."

கரண்டி கடையிலிருந்த கடைசி ரொட்டிப் பாக்கெட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அன்று இரவு நான் வீட்டுக்குப் போகாமல் டெப்போ வாசலில் நின்றேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. எதிரே கடை இருந்த இடம் இருட்டாகக் கிடந்தது.

"அப்பா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரு," என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "நான் கை தூக்கினா, நம்ம வீட்ல சோறு இல்லைன்னு ஆகுது. அம்மா சமைச்சு வெக்கலைன்னு ஆகுது. பெண்டாட்டியைப் பட்டினி போடுறவன்னு எல்லாரும் பேசுவாங்க."

"பேசினா பேசட்டும். சாப்பிடாம கிடந்தது அவங்களா, நானா?"

"நான் தூக்கியிருந்தாலும் பத்துதான் ஆகியிருக்கும். எப்படியும் தோத்துத்தான் இருக்கும்."

இதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. ஜெயிக்கிற நிலைமையாக இருந்து, இவர் தூக்காத ஒரு கையால் எல்லாம் கெட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். பயந்துவிட்டார் என்று நினைத்திருப்பேன். எப்படியும் தோற்கும் என்று தெரிந்த இடத்தில் ஒரு கையைத் தூக்க என்ன செலவு? என் பெண்டாட்டி ராத்திரி பசியோடு வருகிறாள் என்று ஐம்பது பேருக்கு முன்னால் சொல்வதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது. நான் பசியோடு வருவதில் அவருக்கு வெட்கமில்லை. நான் ஆறுதல் சொன்னதையும் ஒரு வாரம் வாங்கி வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு ராத்திரி நான் உங்க கையைப் பிடிச்சேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவர் தோளில் கிடந்த பையை இறக்கி மறுபடி மாட்டிக்கொண்டார்.

கத்த வேண்டும் போலத்தான் வந்தேன். கத்தினால் டெப்போவில் அவருடைய ஆட்கள் வெளியே வருவார்கள், அவருக்கு மறுபடி மானம் போகும். அவருடைய மானத்தை இத்தனை வருஷம் நானும் சேர்ந்துதான் சுமந்திருக்கிறேன். ஆகையால் சாதாரணமாகச் சொன்னேன்.

"அடுத்த வாரத்துலேர்ந்து எனக்கு மூணாம் ஷிப்ட். இன்னைக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

மூன்றாம் ஷிப்ட் என்றால் இரவு பத்தரையிலிருந்து காலை ஆறரை வரை. அந்த ஷிப்டை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். சூப்பர்வைசரே இரண்டு தடவை கேட்டார், வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று.

"எதுக்கு?" என்றார் அவர்.

"அந்த ஷிப்டுக்கு மட்டும் கேன்டீன் உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்குச் சூடா சாப்பாடு போடுறாங்க. பெஞ்சுல உட்கார்ந்து சாப்பிடலாம்."

"நான் வரும்போது நீ இருக்க மாட்டே. நீ வரும்போது நான் எழுந்து டிபன் கட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன்." அவர் மெதுவாகக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "அப்போ நாம எப்பப் பேசிக்கிறது?"

பதினாறு வருஷத்தில் இந்தக் கேள்வியை அவர் முதல் முறையாகக் கேட்கிறார்.

"அதுக்குத்தாங்க உங்களைக் கை தூக்கச் சொன்னேன்," என்றேன்.

இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். மாமா எழுந்துவிடக் கூடாது என்று அவர் ஷூவை வாசலிலேயே கழற்றி, கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.