கேட்டில் நின்றவர் வரவில்லை

தணிகாசலம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையின் பின்கேட்டில் காவல் நின்றார். பழைய இரும்பு ஏற்றி வரும் லாரிகளுக்கு அதுதான் வழி. பாஸ் இருந்தால் உள்ளே போகலாம், இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டும். டிரைவர்கள் கெஞ்சுவார்கள், டீ வாங்கித் தருவதாகச் சொல்வார்கள், ஆபீசில் யார் பேரையாவது சொல்லி மிரட்டுவார்கள். அவர் அசைய மாட்டார். இரண்டு தடவை திருப்பி அனுப்பினால் மூன்றாவது தடவை எவனும் வர மாட்டான். இத்தனை வருஷத்தில் அவர் கண்டது அது.

போனிடமும் அவர் அப்படித்தான் நின்றார்.

புது அப்டேட் வந்திருக்கிறது, இப்போது போடவா என்று அது கேட்கும். அவர் 'பிறகு' என்பதை அழுத்துவார். கம்பெனிக்காரன் எதை மாற்றப் போகிறான், ஏன் மாற்றுகிறான், அதையும் ஏன் சும்மா தருகிறான்? சும்மா தருகிறவனை அவர் என்றைக்கும் நம்பியதில்லை. மச்சினன் சின்னதுரை நம்பினான். படுக்கப் போகும்போது சரி என்று அழுத்திவிட்டுப் படுத்தான். விடிந்து பார்த்தால் திரையில் மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு. மகள் கல்யாணப் படத்தை எடுத்துக் காட்டினால், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே வேலி போட்ட மாதிரி அது நின்றது.

"ஒரு கோடுதான மாமா, போன் நல்லாத்தான் ஓடுது" என்றான் சின்னதுரை.

"உன் மூஞ்சில ஒரு கோடு இஸ்துவுட்டா நீயுந்தான் ஓடுவ" என்றார் தணிகாசலம்.

அப்புறம் தணிகாசலத்தின் போனில் ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் வங்கி ஆப் நின்றது. அவர் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். ரயில் டிக்கெட் ஆப் நின்றது. கவரப்பேட்டை ஸ்டேஷன் கவுண்டருக்குப் போனார். மகளோடு முகம் பார்த்துப் பேசுகிற ஆப்பும் நின்றபோது, குரல் கேட்டால் போதாதா என்றார். மனைவி திலகவதி பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்கள் போனில் மகளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு கட்டத்தில் போன் கேட்பதையே விட்டுவிட்டது. ஒழிந்தான் என்று நினைத்துக்கொண்டார்.

ஆலைக்குக் காவல் ஆள் அனுப்புகிற ஏஜென்சி, வந்ததும் கையெழுத்துப் போடுகிற பழக்கத்தை இந்த வருஷம் எடுத்துவிட்டது. இனி அவரவர் போனில் ஆப்பைப் போட்டு, கேட்டருகே நின்று அதற்கு முகம் காட்ட வேண்டும். சூப்பர்வைசர் பார்த்திபன் அவர் போனை வாங்கித் தட்டிப் பார்த்தான்.

"இன்னா நைனா, எந்தக் காலத்து வெர்ஷன வெச்சிக்கினு கீற? ஆப் ஏறவே மாட்டேங்குது."

"நான்தான் பஸ் ஏறி வந்துட்டேனே. ஆப் எதுக்கு ஏறணும்?"

"நீ வந்தது எனுக்குத் தெரியுது. ஆபீசுக்குத் தெரியணும்ல?"

"எதுர்ல நிக்கிறேன். நீ போன் பண்ணி சொல்லு."

"நான் சொன்னா செல்லாது நைனா. ஆப்ல இல்லன்னா ஆப்சென்ட்டு. என் போன்ல உன் மூஞ்சிய காட்டலாம்னு பாத்தேன், ஒரு போனுக்கு ஒரு மூஞ்சிதானாம்."

"என் மூஞ்சிய பாத்து இன்னா பண்ணப் போறான்? பொண்ணு குடுக்கப் போறானா?"

உள்ளே போகக் காத்திருந்த லாரி டிரைவர் ஜெயராஜ் வண்டியிலிருந்தே சிரித்தான். பார்த்திபன் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் கேட்டு வெச்சிக்கிறேன். அப்டேட் பண்ணு, இல்ல வேற போன் வாங்கு. அதுக்கு மேல என்னால முட்டுக்குடுக்க முடியாது. வேற ஆள் போட்டுடுவாங்க."

புதுப் போன் என்றால் ஒரு மாதச் சம்பளம். வேலைக்கு வந்தேன் என்று சொல்வதற்கு ஒரு மாதம் வேலை செய்ய வேண்டுமா என்று வாய்விட்டே கேட்டார். அந்த வாரம் முழுக்க பாஸ் பார்த்தார், லாரி நம்பர் பார்த்தார், கேட்டைத் திறந்தார், மூடினார். ஆப்பில் அவர் வரவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் பஜாரில் முஜீப்பின் போன் கடைக்குப் போனார்.

"அப்டேட் போடு. கோடு வந்தா வரட்டும்."

முஜீப் போனின் செட்டிங்சுக்குள் போய்த் தேடிவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினான். உங்கள் போன் புதுப்பித்த நிலையில் உள்ளது என்று இருந்தது.

"புதுசாத்தான் கீதுன்னா ஆப் ஏன் ஏறல?"

"இதுக்கு மேல இதுக்கு ஒன்னும் வராது பெரியவரே. இந்த மாடல கம்பெனிக்காரன் கைகழுவிட்டான், வெச்சிருந்த அப்டேட்டையும் எடுத்துட்டான். வந்தப்பல்லாம் நீங்க இன்னா பண்ணீங்க?"

"திருப்பி அனுப்பினேன்."

"அவனும் எத்தினி வாட்டிதான் வருவான்?" முஜீப் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு போனை எடுத்து வைத்தான். "செகண்ட்ஸ். நல்ல கண்டிஷன். கம்மியா போட்டுத் தரேன், தவணையில குடுங்க."

"பில்லு கீதா?"

"செகண்ட்ஸ்ல பில்லு ஏது?"

தணிகாசலம் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஓரத்தில் கீறல் இருந்தது. யாருடையதோ, எப்படி வந்ததோ. பில் இல்லாத ஒரு துண்டு இரும்பைக்கூட அவர் இதுவரை அந்தக் கேட்டைத் தாண்ட விட்டதில்லை. போனைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு இறங்கி நடந்தார். கோபம் வரும் என்று நினைத்தார். வரவில்லை. பசிகூட இல்லை.

மறுநாள் வேலை முடிகிற நேரத்தில் பார்த்திபன் புது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். புது ஆள் தன் போனை உயர்த்தி முகத்தைக் காட்டினான். டிங் என்றது. தணிகாசலம் விசிலையும் டார்ச்சையும் அவனிடம் கொடுத்தார்.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ நைனா. திட்டவாவது செய்" என்றான் பார்த்திபன்.

"சின்னக் கதவுல கீழ்த் தாழ்ப்பாள் புடிக்கும். தூக்கிப் போடச் சொல்லு" என்றார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"ஆள் போட்டுட்டானுங்க."

"இன்னான்னு சொல்லி?" என்றாள் திலகவதி.

"நான் வரலயாம்."

அவள் அவரைப் பார்த்தாள். காலையில் எழுந்து எப்போதும் போல உலை வைத்தாள், எப்போதும் போல டப்பாவில் சோறு கட்டி வாசல் ஓரம் வைத்தாள். கை அப்படியே செய்துவிட்டது போலிருக்கிறது. மதியம் அவர் அதை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து திறந்தார். சாம்பார் சோறு, அவரைக்காய்ப் பொரியல். முழுக்கச் சாப்பிட்டார். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தார்.

"உப்பு சரியா இருந்திச்சா?" உள்ளேயிருந்து கேட்டாள்.

"இருந்திச்சி" என்றார்.