பொருந்தாததை அடிக்கவும்

மூன்றாவது தடவையாக அவள் "அம்மா" என்று கத்தினாள். மூன்றாவது தடவையும் சத்தம் நாலு தெரு தள்ளி, பல் டாக்டரின் காத்திருப்பு அறை ஸ்பீக்கரில்தான் கேட்டது. அங்கே கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த ஆறு பேர் நிமிர்ந்து பார்த்து, ஓடிக்கொண்டிருந்த பாட்டிலேயே இது ஒரு புது இடம் போலிருக்கிறது என்று மறுபடி குனிந்துகொண்டார்கள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. சமையலறையில் அவள் வாய் மட்டும் அசைவதைக் கண்டு அம்மாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

காரணம் சித்தப்பா. பழைய பாட்டுகளைத் தொகுப்பு ஆல்பங்களுக்கு உரிமம் கொடுப்பது அவர் தொழில். அவள் பாடிய ஒரே பாட்டை 'வலியில்லாத நேரம்: இருபது இனிய கீதங்கள்' என்ற ஆல்பத்துக்குக் கொடுத்திருந்தார். படிவத்தில் 'ஒலிப்பதிவு / குரல், பொருந்தாததை அடிக்கவும்' என்று இருந்தது. சித்தப்பா எதையுமே அடிக்க மாட்டார். காகிதம் அசிங்கமாகிவிடும் என்பது அவர் கொள்கை. ஆல்பம் வெளிவந்த அன்று காலை குரல் போய்விட்டது. விற்றது ஒரே ஒரு பிரதி, அதை வாங்கியவர் பல் டாக்டர். கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு, குரல் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது, நன்றி என்று பதில் வந்தது.

எப்போது திரும்ப வரும் என்று அவள் சித்தப்பாவிடம் நோட்டில் எழுதிக் காட்டினாள்.

"இருபத்தஞ்சு வருஷம்தாம்மா. அப்ப உனக்கு நாப்பதுதான், சின்ன வயசு. நீ பேசறத தினம் நூறு பேர் கேக்கறாங்க. என்னை என் வீட்ல ஒருத்தர் கேக்கறாங்களா, சொல்லு?"

வீடு பழகிக்கொண்டது. சாயங்காலம் அம்மா டாக்டரிடம் போய் உட்காருவாள். பெண் வீட்டிலிருந்து அன்றைய கதையைச் சொல்வாள். அம்மா ஸ்பீக்கரைப் பார்த்துத் தலையாட்டுவாள். ஆனால் பல் வலி இல்லாதவர்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது என்று வரவேற்பில் இருப்பவள் கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால் அம்மா அவ்வப்போது ஒரு நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்கு எந்தப் பக்கம்மா?" என்று வீட்டிலிருந்தே கேட்பாள் பெண்.

"இடது பக்கம்டி. நீ மேல சொல்லு," என்பாள் அம்மா, பஞ்சைக் கடித்தபடி, ஸ்பீக்கரிடம்.

நாலு வருஷம் இப்படி ஓடியது. ஒப்பந்தம் முடிய இன்னும் இருபத்தொரு வருஷம். அம்மா வாயில் மிச்சம் பதினொரு பல். அதுவும் தீர்ந்த பிறகு, அம்மா எந்த வலியைச் சொல்லி அங்கே போய் உட்காருவாள்?