தேன் நிறத் தாடி

பன்னிரண்டே முக்கால். வான்கோழி வேட்டையில் ஒரு மணிக்குத் துப்பாக்கிகள் ஓய வேண்டும் என்பது சட்டம். ஹார்லன் சுட்டுவிட்டு எழுந்தான்.

புதர் இடைவெளியில் அவன் பார்த்தது தாடியை மட்டும்தான். வெயில் பட்டுத் தேன் நிறத்தில் மின்னியது. வான்கோழிச் சேவலின் நெஞ்சில் தொங்கும் தாடி கரி நிறமாக இருக்கும். இந்த ஒன்றுக்கு மட்டும் பாதிக்கு மேல் பொன். மார்ச் மாதத்திலிருந்து ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. பள்ளிப் பேருந்து ஓட்டுபவர் தூரத்தில் ஒரு முறை பார்த்தார், தபால்காரி ஒரு முறை. ஓசார்க் மலையில் அப்படி ஒரு தாடி எவன் வீட்டுச் சுவரிலும் இல்லை.

கிட்டே போனான். பறவை சிறியது. தலை சிவப்பாக இல்லை. சாம்பல் பூத்த நீலம். நெஞ்சிறகின் நுனி கறுப்பில்லை, பழுப்பு. காலைத் தூக்கிப் பார்த்தான். சேவலுக்குக் காலின் பின்புறம் நீண்டிருக்கும் முள் இல்லை. மற்றக் காலையும் பார்த்தான்.

பெட்டை.

பெட்டைகளிலும் எப்போதாவது ஒன்றுக்கு மெல்லிய தாடி முளைக்கும். தாடி தெரிந்தால் சுடலாம். சட்டம் அவனை ஒன்றும் செய்யாது. ராய்ஸையும் அன்று அது ஒன்றும் செய்யவில்லை.

ராய்ஸ், ஹார்லனின் மனைவி ஓபலுக்குத் தம்பி. பல வருஷங்களுக்கு முன் தாடி வைத்த பெட்டை ஒன்றைச் சேவலென்று சுட்டான். ஒளிக்கத் தெரியாமல் வண்டியில் போட்டு ஊருக்குள் கொண்டுவந்தான். அன்று முதல் ஹார்லன் வாயில் அவன் பெயர் ஆம்லெட். நன்றித் திருநாள் விருந்தில் ராய்ஸின் தட்டில் மட்டும் ஒரு அவித்த முட்டை இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முட்டை அடுக்கிய அட்டைப்பெட்டி ஒன்றை வண்ணக் காகிதம் சுற்றிக் கொடுப்பான் ஹார்லன். ராய்ஸின் மகள் கல்யாணத்தில் கிளாஸைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "இது பொறந்தப்பவாவது பொண்ணுன்னு ராய்ஸுக்குத் தெரிஞ்சுதா, இல்ல யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டான். மண்டபம் அதிரச் சிரித்தது. ராய்ஸும் சிரித்தான். எப்போதும் சிரிப்பான். தட்டில் வைத்த முட்டையை மட்டும் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

ஹார்லன் பறவையை ஓடைக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கீறினான். கையில் ஏதோ கெட்டியாக இடறியது. வெளியே எடுத்தான். முட்டை. ஓடு முற்றியிருந்தது. வெளிர் மஞ்சளில் பழுப்புப் புள்ளிகள். இன்னும் சூடு. அவள் கூட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். கூட்டில் இன்னும் எத்தனை இருக்குமோ.

கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு தாடியைத் தோலோடு அறுத்தெடுத்தான். நெஞ்சுக்கறியைப் பையில் போட்டான். மற்றதையெல்லாம் ஓடைக்கரையில் புதைத்தான், முட்டையையும் சேர்த்து. மேலே கல் வைத்தான். சுட்டதைப் பதிவு செய்ய வனத்துறைக்குப் போன் செய்தான். பெட்டையென்றால் ஒரு எண், சேவலென்றால் ஒரு எண். சேவலுக்கான எண்ணை அழுத்தினான்.

தாடியைச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கலாம். வண்டியின் முன்கண்ணாடி ஓரத்தில் வைத்தான். ஏன் வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. காட்டுவழி முடியும் இடத்தில் எதிரே வந்த நண்பன் பட் அதைப் பார்த்து, வண்டியை நிறுத்தி, "அடப்பாவி, அடிச்சிட்டியா!" என்று கத்தினான். ஹார்லன் தலையாட்டினான்.

மறுநாள் காலை டார்லீனின் காபிக் கடையில் தாடி கைக்குக் கை போனது.

"என் தலைக்கு இந்தக் கலர் வரணும்னு மாசாமாசம் எவ்ளோ கொட்டி அழறேன்," என்றாள் டார்லீன்.

"எந்தக் கடையில சாயம் போட்டேன்னு கோழிகிட்ட கேட்டிருக்கலாம்," என்றான் பட்.

"பதில் சொல்ற வரைக்கும் இவன் எங்க பொறுத்தான்," என்றாள் டார்லீன்.

பட் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "ஆனா ரொம்ப மெலிசா இருக்கே, ஹார்லன்."

"கிழட்டுச் சேவல். பனிக்கட்டி ஒட்டித் தாடி பாதி ஒடிஞ்சு போச்சு."

பொய் தானாகவே வந்தது. காபியைக் குடித்தான். நாக்கு சுட்டது.

கதவு திறந்தது. ராய்ஸ்.

"வா மச்சான்," என்றான் ஹார்லன்.

டார்லீன் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கடையில் அவன் ராய்ஸை ஆம்லெட் என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை.

ராய்ஸ் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தாடியை வாங்கினான். விரல்களுக்கிடையே மெதுவாக உருட்டினான். பொன் நிறத்தில் ஒரு முடி ஒடிந்து மேசையில் விழுந்தது. அவன் வீட்டிலும் ஒரு பெட்டையின் தாடி உண்டு. மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறான் என்று ஓபல் சொல்லியிருக்கிறாள். ராய்ஸ் கையிலிருந்த தாடியின் தடிமனைப் பார்த்தான். பிறகு ஹார்லனைப் பார்த்தான். ஹார்லன் கோப்பையைப் பார்த்தான்.

"அழகா இருக்கு மாப்ள," என்றான் ராய்ஸ்.

"தாடியைக் காட்டினே, கால் எங்க?" என்றான் பட். "முள்ளைக் காட்டுய்யா. எவ்ளோ நீளம்னு பாப்போம்."

ஹார்லன் வாயைத் திறந்தான்.

"கால் எங்கிட்ட இருக்கு," என்றான் ராய்ஸ். "நேத்தே வாங்கிட்டுப் போயிட்டேன். முள்ளைக் கயித்துல கோத்துக் கழுத்துல போட்டுக்கணும்னு பேரன் ஒரே அடம்."

"எவ்ளோ நீளம்?"

"ஒன்னேகால் இஞ்சு இருக்கும்."

"அம்மாடி!" என்றான் பட். ஹார்லனின் முதுகில் ஓங்கித் தட்டினான். டார்லீன் அவன் முன்னால் கேக் துண்டு ஒன்றை வைத்து, காசு வேண்டாம் என்றாள். அவன் முள்கரண்டியை எடுத்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் தின்றான். கடைசித் துணுக்கு வரை தின்றான். ராய்ஸ் ஒரு காபி குடித்துவிட்டு எழுந்தான்.

ஹார்லன் பின்னாலேயே வெளியே போனான். ராய்ஸ் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

"மச்சான்."

"சொல்லு."

"நீ எதுக்கு அப்படிச் சொன்னே?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றே? உனக்கும் தட்டுல முட்டை வைக்கச் சொல்லவா?"

"வைக்கட்டும்."

"அது ஒன்னும் அவ்ளோ சுகமா இருக்காது மாப்ள."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஹார்லன் நிமிர்ந்து நின்றிருப்பான். ராய்ஸ் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே சாலையைப் பார்த்தான். மரம் ஏற்றிய லாரி ஒன்று போனது.

"நான் சுட்டதோட வயித்துல ஒரு முட்டை இருந்துச்சு," என்றான். "கெட்டி ஓடு. கையில எடுத்தப்ப சூடு ஆறல. இத்தனை வருஷத்துல அதை யார்கிட்டயும் சொன்னதில்ல, அக்காகிட்டகூட."

வண்டியில் ஏறி உட்கார்ந்தான். கதவைச் சாத்தவில்லை.

"உன்னோடதுல இருந்துச்சா?"